எபிசோட் என்பதற்குக் ‘காதை’: வரலாற்றுக் கதை வலையொலிக்குச் சில சொற்கள்

குழும நண்பர்களுக்கு மட்டக்களப்பிலிருந்து வணக்கம்.

பொட்காஸ்டுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை ‘வலையொலியா, ஒலியோடையா’ என்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. என் கணக்கில் அந்த வழக்கு முடிந்துவிட்டது. வலையொலி ஏற்கெனவே புழங்குகிறது; வானொலிக்குப் பக்கத்தில் வைத்தால் உறவுமுறை உடனே தெரிகிறது. ஒலியோடையை வீசிவிட வேண்டாம். புதிய ஒலிக்கோப்பு ஏறியவுடன் கேட்பவரின் செயலிக்குத் தகவல் கொண்டுபோகிறதே அந்த ஆர்.எஸ்.எஸ். ஓடை, அதற்கு அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம்.

> பொட்காஸ்ட் என்றே எழுதிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்?

எழுதலாம் ஐயா, ஆனால் எந்த எழுத்தில்? நீங்கள் இதே கேள்வியைச் சென்னையில் கேட்டிருந்தால் ‘பாட்காஸ்ட்’ என்று எழுதியிருப்பீர்கள். நாங்கள் இங்கே பொட்காஸ்ட் என்கிறோம். தேடுபெட்டியில் ஒன்றைத் தட்டினால் மற்றது வராது. ஒலிபெயர்ப்பில் இரு கரைகளும் சேர்ந்ததே இல்லை. தமிழ்ச் சொல் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று: 2004 பெப்ரவரியில் கார்டியன் பத்திரிகையில் பென் ஹேமர்ஸ்லி இந்தச் சொல்லை முதலில் எழுதியபோது, மூன்று பெயர்களைக் கேள்விக்குறியோடு அடுக்கினார், அதில் ஒன்றுதான் இது. ஐபொட் கருவியின் பெயரையும் ஒலிபரப்பையும் ஒட்டவைத்த சொல். அந்தக் கருவியையே அப்பிள் நிறுவனம் 2022இல் கைவிட்டுவிட்டது. அவர்களுக்கே தற்செயலாக வாய்த்த ஒரு பெயரை நாம் வேதம்போலக் காக்க வேண்டியதில்லை.

என் சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. நானும் சில நண்பர்களும் மட்டக்களப்பு, அம்பாறை வரலாற்றிலிருந்து பத்து நிமிடக் கதைகளாகச் சொல்லும் ஒரு வலையொலி நடத்துகிறோம். 1602இல் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பற்றலைவன் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டிக்குப் போனது ஒரு கதை. 1814இல் வந்த வெஸ்லியன் பாதிரியார் வில்லியம் ஓல்ட், ஓராண்டுகூட முழுதாக வாழாமல் இங்கேயே இறந்தும், அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இன்றும் நடப்பது இன்னொரு கதை. 1978 நவம்பர் சூறாவளி மற்றொன்று. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை, எதையும் முதலில் கேட்கலாம். இவற்றில் ஒவ்வொன்றையும் என்னவென்று அழைப்பது?

‘பகுதி’ என்று போட்டோம். மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையின் கதை வரும்வரை அது ஓடியது. போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டையை 1638 மே மாதத்தில் கடற்படைத் தளபதி வெஸ்டர்வோல்டின் ஒல்லாந்தப் படை பிடித்தது. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் துணை நின்றான். கோட்டை விழுந்தது பாதிக் கதைதான். சில நாட்களில் எழுதிய ஒப்பந்தம் மறுபாதி. பிடித்த கோட்டைகளில் ஒல்லாந்தர் படை வைப்பது ‘மன்னர் விரும்பினால்’ என்று மன்னன் கைப்பிரதியில் இருந்தது. ஒல்லாந்தப் பிரதியில் அந்தச் சொற்களைக் காணவில்லை. அடுத்த இருபது ஆண்டுச் சச்சரவுகளில் பல அந்த இடைவெளியிலிருந்து கிளம்பியவை. பத்து நிமிடத்தில் இது அடங்குமா? இரண்டாகப் பிரித்தோம். கைபேசித் திரையில் வந்து நின்ற தலைப்பு இது: “பகுதி 4: கோட்டை விழுந்த நாள், பகுதி 2”. நாலாவதா, இரண்டாவதா என்று கேட்டவர்களுக்குப் பதில் எழுதியே அலுத்துப்போனது.

> அத்தியாயம் என்று வையுங்கள். அல்லது இலங்கைப் பத்திரிகைகள் தொடர்கதைக்குப் போடுகிற ‘அங்கம்’.

இரண்டுமே நல்ல சொற்கள்தான், ஆனால் தொடர்ச்சியைச் சுமந்து வருபவை. ஏழாம் அத்தியாயம் என்றால் ஆறையும் படித்திருக்க வேண்டும் என்று கேட்பவர் நினைத்துவிடுவார். அங்கம் என்றால் உடலிலிருந்து வெட்டி எடுத்த துண்டு. எங்களுக்கு வேண்டியது தன்னளவில் முழுமையான, ஆனால் ஒரு வரிசையில் அடங்கும் கதைக்கான பெயர்.

அது எங்கள் ஊர்க் கோயில்களிலேயே இருக்கிறது. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் திருக்கதவு திறந்ததிலிருந்து நிறைவுச் சடங்கான திருக்குளிர்த்தி வரையில், கண்ணகியின் கதையைப் பாடும் ‘கண்ணகி வழக்குரை’ என்ற நூலைப் படிப்பார்கள். தம்பிலுவிலிலும் காரைதீவிலும் செட்டிபாளையத்திலும் கேட்டவர்களுக்குத் தெரியும். அதன் பிரிவுகளுக்குக் காதை என்று பெயர்: கடலோட்டு காதை, அடைக்கலக் காதை, கொலைக்களக் காதை. ஏடு ஒருவர் கையில் இருக்கும், சனம் கேட்டுக்கொண்டிருக்கும். கடலோட்டு காதை அன்றைக்கு வந்து உட்கார்ந்தவருக்கும் ஒரு முழுக் கதை கிடைத்துவிடும்: கப்பல், கடல், சண்டை எல்லாம். கண்ணால் படிக்கும் அத்தியாயத்தைவிடக் காதால் கேட்கும் காதை நமக்கு நெருக்கம் அல்லவா?

> காதை வடசொல். ‘காதா’விலிருந்து வந்தது. குழுமத்தின் கொள்கைக்கு ஒவ்வாது.

இளங்கோவடிகளுக்கு ஒவ்வியது எனக்குப் போதும். கிண்டலாகச் சொல்லவில்லை. சிலப்பதிகாரத்தைத் திறந்து பாருங்கள்: பாட்டும் ஆட்டமுமாக வரும் இடங்களுக்கு வரி, குரவை என்று பெயர், கதை நகரும் இடங்களுக்குப் பெரும்பாலும் காதை. ஒரே நூலுக்குள் வடிவத்துக்கு ஏற்பப் பெயர் மாறுகிறது. அந்த ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கதை சொன்னால் காதை. வரலாற்றாசிரியர் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசினால் அது உரையாடல், காதை ஆகாது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எபிசோட்தான்.

மேலும், 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் காரைதீவில் பிறந்தவர். ஊர்ப்பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆம், கொஞ்சம் அதற்காகவும்தான்.

> “புதிய காதை கேளுங்கள்” என்றால் யாருடைய காதை என்று கேட்பார்கள்.

இதுதான் இதுவரை வந்தவற்றில் கனமான எதிர்ப்பு. ‘காது’ வேற்றுமை உருபு ஏற்றாலும் காதைதான். ஆனால் சொல் தனியே நிற்பது அரிது. ‘மூன்றாம் காதை’, ‘கோட்டைக் காதை’, ‘இந்தக் காதையில்’ என்று வரும்போது யாரும் செவியைத் தடவிப் பார்க்கப்போவதில்லை. உருபு ஏற்றால் காதையை, காதைக்கு, காதைகள், குழப்பம் இல்லை. எழுத்துப்பிழைதான் என் பயம்: கால் விட்டுப்போனால் ‘கதை’ ஆகிவிடும். ஆனாலும் பொருள் கெடாது என்பதால் விட்டுவிடலாம்.

இன்னும் இரண்டு சொற்கள்.

புதிய வலையொலி வரப்போகிறது என்று முதலில் ஏற்றும் ஒரு நிமிட அறிவிப்புக்கு (டிரெய்லர்) ‘முன்னோட்டம்’ என்று எழுதியிருந்தீர்கள். அது சினிமாவுக்குப் போய்விட்ட சொல், கண்ணுக்கு உரியது. கூத்துக் களரியில் இராசா வருவதற்கு முன் கட்டியகாரன் வந்து, வருபவர் இன்னார் என்று குரலால் அறிவிக்கிறான். இதற்குக் ‘கட்டியம்’ என்பேன். வடமோடி, தென்மோடிக் கூத்துகள் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். மற்றவர்களுக்கும் ‘கட்டியம் கூறுதல்’ தெரிந்த தொடர்தான்.

சீசன் என்பதற்குப் ‘பருவம்’ என்று குழுமத்தின் சொற்பட்டியலில் இருக்கிறது. வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் தோன்றுகிறது எனக்கு. அம்பாறையில் ஒரு வயல்காரரிடம் கேட்டால் பெரும்போகம், சிறுபோகம் என்பார். ஒரு முறை விதைத்து, அறுத்து, இடைவெளி விட்டு மறுபடி விதைப்பது. வலையொலி சீசனும் அதே வேலையைத்தான் செய்கிறது. முதற்போகம், இரண்டாம் போகம் என்று எண்ணிக்கொள்ளலாம். சென்னை நண்பர்கள் இந்தச் சொல்லில் வேறு பொருளைக் கண்டு சிரிப்பார்கள் என்று தெரியும். முப்போகம் என்று சொல்லிப் பழகிய தஞ்சாவூர்க்காரர்கள் எங்கள் பக்கம் நிற்பார்கள் என்று நம்புகிறேன். அவர்கள் கருத்து வந்த பிறகு இதை எடுப்போம்.

காதை, கட்டியம் இரண்டையும் பட்டியலில் ‘பரிந்துரை’ என்ற நிரலில் சேர்த்துவிடுமாறு மட்டுறுத்துநரைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் வலையொலியில் ஓல்ட் பாதிரியாரின் கதை ஏறுகிறது. தலைப்பில் காதை என்றே போடப்போகிறோம். கேட்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று இங்கே எழுதுகிறேன்.