வரியைக் கணக்குப் போடவே கட்டணமா?

அமெரிக்காவில் ஆன்லைனில் சின்னதாகக் கடை நடத்துபவர்களிடம் ஓர் உதவி. என் கடை இருக்கும் தளம், விற்பனை வரியைக் கணக்கிட்டுத் தர இனி ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு சதவீதம் பிடிக்குமாம். பத்து டாலர் பொருளோ ஆயிரம் டாலர் பொருளோ, முகவரியைப் பார்த்து விகிதம் எடுக்கிற வேலை ஒன்றுதானே? அப்புறம் எதற்குச் சதவீதம்?

2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த வேஃபேர் தீர்ப்புக்குப் பிறகு, ஒரு மாநிலம் வைத்திருக்கும் விற்பனை வரம்பைத் தாண்டினால் வெளிமாநில விற்பனைக்கும் நாம்தான் வசூலிக்க வேண்டும். ஒரே ஜிப் கோடுக்குள்ளேயே (அஞ்சல் குறியீடு) விகிதம் மாறுகிறது. கையால் போட முடியாது, சரி. ஆனால் வரி அரசுக்கு, செலவு மட்டும் நமக்கா?

மாதக் கட்டணத்தில் வேறு சேவை யாராவது பயன்படுத்துகிறீர்களா? ஸ்ட்ரீம்லைன்டு சேல்ஸ் டாக்ஸ் (விற்பனை வரி விதிகளை எளிமையாக்கப் பல மாநிலங்கள் சேர்ந்து செய்த ஒப்பந்தம்) மாநிலங்களுக்கான இலவசச் சேவையில் சேர்ந்தவர்கள் இருந்தால், தாக்கல் வரை ஒழுங்காகச் செய்து தருகிறார்களா என்றும் சொல்லுங்கள்.