பேர் போடாத முகங்கள்: அது அவர்தானா?

(ஒருவர் தொடங்கிவைக்க, மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தொடர்ந்து எழுதியது.)

டைட்டிலில் பேர் போடாமல் படத்தில் தலைகாட்டும் முகங்களைத் தேடுகிற கிறுக்கு எனக்குப் பிடித்தது ‘புதுப்பேட்டை’யால். 2006இல் வந்தபோதே பார்த்த படம். பல வருஷம் கழித்து மறுபடி போட்டுப் பார்த்தபோது, தனுஷோடு திரியும் கூட்டத்தில் ஒரு ஆள் கண்ணை உறுத்தினார். ரிமோட்டைத் தேடி நிறுத்திப் பார்த்தால் விஜய் சேதுபதி! முதல் தடவையும் அவர் அங்கேதான் நின்றிருக்கிறார். அப்போது அவர் யாரோ ஒருவர்தானே, என் கண்ணில் எப்படிப் படுவார்? அதற்கும் முன்னால், 2004இல் வந்த ‘எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி’யில் குத்துச்சண்டை பார்க்கும் கூட்டத்திலும் இருக்கிறார் என்று தெரிந்ததும் அந்த இடத்தை மட்டும் நாலு முறை ஓட்டினேன்.

சரி, கண்டுபிடித்த கதையைவிட அசடு வழிந்த கதைதான் பெரிது. ஒரு பழைய படத்தின் கல்யாணக் காட்சியில், மூன்றாவது வரிசையில் ஒரு இளைஞர் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு முன்னணியில் இருக்கும் ஒரு நடிகரேதான் என்று எனக்குத் துளியும் சந்தேகமில்லை. டிவியைப் போனில் படமெடுத்து, ‘இது இன்னார்தானே?’ என்று நண்பர்களுக்கு அனுப்பினேன். பாதிப் பேர் ‘அட, ஆமாம்!’ என்றார்கள். பேரைச் சொல்லிவிட்டு முகத்தைக் காட்டினால் யாருக்கும் அப்படித்தான் தெரியும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

என் தங்கை மட்டும் முகத்தை விட்டுவிட்டுக் காதைப் பார்த்தாள். நடிகருக்குக் காதுச்சோணை தனியாகத் தொங்கும். படத்தில் இருந்தவருக்குக் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. அப்புறம் வருஷக் கணக்குப் போட்டோம். அந்தப் படம் வந்தபோது நடிகருக்கு வயது பதினொன்று. அதை முதலில் போட்டிருந்தால் மானம் மிஞ்சியிருக்கும்.

அன்றிலிருந்து முதலில் வருஷம், அடுத்து காது, அப்புறம் நடை. மூக்கு, மீசை, தலைமுடி எதையும் நம்புவதில்லை. குரலையும்தான். நம் படங்களில் யாருக்கு யார் டப்பிங் கொடுத்தார்களோ!

* * *

காதுக் கதை பிரமாதம். ஆனால் காதையே மூடிவிட்டால்? ‘ஸ்டார் வார்ஸ்: தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ (2015) படத்தில் காவலுக்கு நிற்கும் வெள்ளைக் கவச வீரனை நாயகி ரே மனத்தாலேயே வசியம் செய்து தன் விலங்கைக் கழற்ற வைப்பாளே, அந்த வீரன் டேனியல் கிரெய்க். ஜேம்ஸ் பாண்டாக நடித்தவர், தலை முதல் கால் வரை கவசத்துக்குள். தியேட்டரில் ‘இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேனே’ என்று எனக்குத் தோன்றியதாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். உண்மையில் தோன்றியதா, செய்தியைப் படித்த பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டதா என்று இப்போது எனக்கே நிச்சயமில்லை.

‘ஹாட் ஃபஸ்’ (2007) படத்தில் நாயகனின் பழைய காதலி தடயவியல் உடையில், கண் மட்டும் தெரியும்படி வருவார். அது நடிகை கேட் பிளான்செட். அதே படத்தில் சாண்டா கிளாஸ் வேஷத்தில் கத்தியால் குத்துபவர் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களின் இயக்குநர் பீட்டர் ஜாக்சன். இரண்டு பேரையும் தானே கண்டுபிடித்ததாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை, மன்னிக்கவும். ‘ஹூக்’ (1991) படத்தில் தாடிக்காரக் கொள்ளையனாக வருபவர் நடிகை க்ளென் க்ளோஸ் என்று சொன்னதற்கு என் மனைவி இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

* * *

ஆடுகிறவர்களை யாரும் சொல்லவில்லையே! பாட்டு வந்தால் என் கண் பின்வரிசைக்குத்தான் போகும். ‘மௌன ராகம்’ (1986) படத்தில் ‘பனிவிழும் இரவு’ பாட்டில் புல்லாங்குழலோடு வரும் பையன் பிரபுதேவா. ‘தால்’ (1999) படத்தில் ஐஸ்வர்யா ராய்க்குப் பின்னால் ஆடுபவர்களில் ஒருவர் ஷாஹித் கபூர்.

பேர் போடாததில் இரண்டு தினுசு உண்டு. இவர்களெல்லாம் பேர் போடும் அளவுக்கு அப்போது வளராதவர்கள். பேர் போட்டால் கதையே உடைந்துவிடும் என்பது இன்னொன்று. ‘செவன்’ (1995) படத்தின் தொடக்க டைட்டிலில் கெவின் ஸ்பேசி பெயரே வராது. வந்திருந்தால், பாதிப் படம் தாண்டியும் அவரைக் காணோமே, அப்போது கொலைகாரன் அவர்தான் என்று நான் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக் கெடுத்திருப்பேன்.

* * *

இவ்வளவு கூர்மையான கண்கள் எனக்கு இல்லை. ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் ‘தி ஃபேண்டம் மெனஸ்’ (1999) படத்தில் ராணியும், ராணிக்குப் பதிலாக உட்காரும் பெண்ணும் ஒரே ஆள் என்றே வருஷக்கணக்கில் நினைத்திருந்தேன். ஒருவர் நடாலி போர்ட்மன், மற்றவர் கீரா நைட்லி. அந்த ஜாடைக்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தார்களாம், அதனால் என்னை நானே மன்னித்துக்கொண்டேன்.

இப்போது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு ஆள்மேல் எனக்குச் சந்தேகம். பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் உங்களுக்கும் அப்படியே தெரிந்துவிடும். வருஷம் பொருந்துகிறது. காது பொருந்துகிறது. நடையைத்தான் பார்க்க முடியவில்லை. பாவி மனுஷன் காட்சி முழுக்க நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார்.