வந்து எட்டு மாதம், ஒரு வரி எழுதவில்லை என்பவர்களுக்கு

வீடு, விசா, வங்கிக் கணக்கு பற்றிக் கேட்டால் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்கக் கூச்சப்படும் ஒரு விஷயத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். ஊரில் கதை எழுதிக்கொண்டோ படம் வரைந்துகொண்டோ மெட்டுப் போட்டுக்கொண்டோ இருந்த ஆள், வெளிநாடு வந்ததும் அப்படியே நின்றுபோவது. நான் சிறுகதை எழுதுகிறவன். பெரிய ஆள் இல்லை, ஆனால் மாதம் ஒன்றாவது எழுதிவிடுவேன். வந்த முதல் வாரம் ஆசையாக வாங்கிய நோட்டில் எட்டு மாதம் கழித்தும் முதல் பக்கத்தில் தேதி மட்டும்தான் இருந்தது.

நேரம் இல்லை என்று சொல்ல முடியாது. பழைய வேலைக்குப் போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம் பஸ். இங்கே வீட்டிலிருந்தே வேலை, கட்டிலிலிருந்து ஏழெட்டு அடி வைத்தால் ஆபீஸ். மிச்சமான ஒன்றரை மணி நேரத்தில் எழுதித் தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டு உட்கார்ந்தேன், ஒன்றும் வரவில்லை. ஒருநாள் பழைய நோட்டைப் புரட்டியபோதுதான் உறைத்தது. எழுத்தெல்லாம் கோணல்மாணல். ஒரு பக்கத்தில் பேனா ஓரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு ஓடியிருந்தது, பஸ் குழியில் இறங்கிய இடம். நான் மேசையில் உட்கார்ந்து செய்ததெல்லாம் படியெடுத்ததும் திருத்தியதும்தான். கதை கிடைத்ததெல்லாம் பஸ்ஸில், யாரும் என்னை எதுவும் கேட்க முடியாத அந்த முக்கால் மணி நேரத்தில்.

வெண்டி வுட் என்ற உளவியலாளர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிய மாணவர்களைக் கவனித்து 2005இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். உடற்பயிற்சி, பேப்பர் படிப்பது, டிவி பார்ப்பது மாதிரியான பழக்கங்கள், அவை நடக்கும் சூழல் புது இடத்திலும் பழைய மாதிரியே இருந்தால் தொடர்ந்தன, சூழல் மாறினால் ஆட்டம் கண்டன. அதைப் படித்தபோது கொஞ்சம் நிம்மதி, சரக்கு தீர்ந்துவிட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதனால் எழுத உட்காருவதற்கு முன்னால், உங்களுக்கு யோசனைகள் எங்கே வந்தன என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். பாத்திரம் கழுவும்போதா, வண்டி ஓட்டும்போதா, கூட வேலை பார்த்தவரோடு மாடிப்படியில் நின்று வம்பளக்கும்போதா? இடம் மாறியதில் எது போயிற்று என்று அப்போதுதான் தெரியும்.

எனக்குப் போனது பஸ். சரி, பஸ் இல்லாவிட்டால் போகட்டும் என்று காலை எட்டு பத்துக்கு ஆபீஸ் கிளம்புகிற மாதிரி ஷூ மாட்டிக்கொண்டு வீட்டை விட்டு இறங்குவேன், ஒரு சுற்று நடந்து அதே கதவு வழியாக உள்ளே வந்து லேப்டாப்பைத் திறப்பேன். பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்டான்ஃபோர்டில் ஒப்பெஸோ, ஷ்வார்ட்ஸ் என்ற இருவர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்குக்கூட உட்கார்ந்திருந்தபோது வந்ததைவிட நிறையப் புது யோசனைகள் வந்தன. ஒரே சரியான விடை வேண்டிய கேள்விகளில் நடை உதவவில்லை என்பதையும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். அதனால் யோசனைக்கு நடை, திருத்தத்துக்கு நாற்காலி என்று பிரித்துக்கொண்டேன். காதில் எதையும் மாட்டாதீர்கள். முதல் இரண்டு வாரம் பாட்காஸ்ட் கேட்டபடி நடந்தேன், கால்வலிதான் மிச்சம்.

வேலை முறை மாறியதில் இன்னொரு சிக்கல், நாள் துண்டு துண்டாகிவிடுவது. அரை மணி மீட்டிங், நடுவில் இருபது நிமிடம் காலி, மறுபடி மீட்டிங், அதற்குள் நாலு மெசேஜ். அந்த இருபது நிமிடத்தில் எழுதலாம் என்று நம்பாதீர்கள், முந்தின வேலையின் ஒரு பகுதி மண்டையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மெயில் பாருங்கள், துணி மடியுங்கள். எழுத்துக்கு முழுதாக ஒரு மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தாலும் போதும்.

வீட்டுக்குப் பேசும் நேரத்தையும் பாருங்கள். நேர வித்தியாசத்தில் அம்மா கூப்பிடும் நேரம் நீங்கள் எழுதும் நேரத்திலேயே வந்து விழும். எனக்கு அப்படித்தான் விழுந்தது. எழுதுவதற்காகப் பேச்சைக் குறைத்தால் குற்ற உணர்ச்சி, குறைக்காவிட்டால் எரிச்சல். கடைசியில் "அம்மா, நான் எழுதுகிற நேரம் இது, ஒரு மணி கழித்துக் கூப்பிடுகிறேன்" என்று சொன்னேன். "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, நானும் சீரியலை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்" என்றார்.

எனக்குப் பெரிய அடி காதில்தான். என் கதைகளில் பேச்சு நன்றாக வரும் என்பார்கள். அது என் திறமை என்று நினைத்திருந்தேன், பாதி பஸ்ஸில் முன் சீட்டில் இருந்தவர்கள் கொடுத்தது. இங்கே சுற்றிப் பேசுவது புரியவில்லை. புரியாத மொழி நடுவே ஒட்டுக்கேட்க என்ன இருக்கிறது! கொஞ்ச நாள் பழைய பேச்சுகளையே மனதுக்குள் மென்றேன், எழுதுவதற்கு முன்பே கதை பழசாக நாறியது. அப்புறம் ஒருநாள் கட்டடத்தின் பொதுத் துணி துவைக்கும் அறையில் ஒரு வயதானவர் காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒற்றை ஒன்று மிஞ்சியது. அதைத் தூக்கிப் போடாமல் மடித்து, இஸ்திரி போட்ட மாதிரி தடவி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ராத்திரி எட்டு மாதத்தில் முதல் முறையாக ஒன்றரைப் பக்கம் எழுதினேன், உரையாடலே இல்லாமல். காது அடைபட்டால் கண் வேலை செய்ய ஆரம்பிக்கிறது. உரையாடலை விட்டுக்கொடுக்கக் கொஞ்சம் வீம்பு குறைய வேண்டியிருந்தது.

வெளிநாட்டில் வாழ்வதற்கும் படைப்பாற்றலுக்கும் தொடர்பு உண்டு என்று மேடக்ஸ், கலின்ஸ்கி என்ற இருவர் 2009இல் எழுதினார்கள், அதுவும் சுற்றுலா போவதற்கு இல்லை, தங்கி வாழ்வதற்கு. அந்த ஊருக்கு எவ்வளவு பழகிக்கொண்டோம் என்பதுதான் முக்கியம் என்கிறார்கள். விமானத்தை விட்டு இறங்கியதும் மூளை திறந்துகொள்ளும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

எத்தனை நாளாகும் என்று கேட்பீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் செய்த ஓர் ஆய்வில் ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது, ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. அதுவும் தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது மாதிரி சின்ன விஷயங்களுக்கு. எனக்கு நடை பழக மூன்று மாதம் ஆனது, முதல் கதை முடிய இன்னும் இரண்டு மாதம், அதுவும் சுமார் ரகம்தான்.

காலையில் இறங்கும்போது சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், நான் இரண்டு தடவை லேப்டாப்பை உள்ளே வைத்துவிட்டு வெளியே நின்றேன்.