அம்மாவின் கண்ணும் ஓசிடி ஸ்கேனும்: எங்கள் அனுபவம்

நாங்கள் வியாசர்பாடி. அம்மாவுக்கு 74 வயது. ஒருநாள் பாத்ரூமிலிருந்து வந்தவர், "டைல்ஸை எவ்வளவு கோணலா ஒட்டியிருக்கான் பாரு" என்றார். அது ஒட்டிப் பதினைந்து வருஷம். இடது கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னேன், கோடு நேராக இருந்தது. வலது கண்ணை மூடினால் நெளிகிறதாம்.

இடது கண்ணில் வெட் ஏஎம்டி என்றார்கள், வயதானால் வரும் ஒரு விழித்திரை நோய். விழித்திரையின் நடுவே இருக்கும் மாக்குலாவுக்கு அடியில் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைத்து நீர் கசிகிறது. மாதம் ஒன்றாக மூன்று ஊசி, கண்ணுக்குள்ளேயே. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டுத்தான் போடுகிறார்கள். ஊசியை அம்மா தாங்கிக்கொண்டார்; கண் பாப்பாவை விரிக்கும் மருந்தோடு வெயிலில் வெளியே வருவதுதான் அவருக்குப் பாடு.

ஓசிடி என்பது ஒளியால் விழித்திரையைப் படம் எடுக்கும் ஸ்கேன். முதல் ஸ்கேனை டாக்டர் திரையில் காட்டினார். விழித்திரையைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது போன்ற படம். நடுவில் சின்னப் பள்ளம் இருக்க வேண்டுமாம். அந்த இடம் மேடாகிக் கிடந்தது, அடியில் கறுப்பாக ஒரு பை. ஓதம் ஏறிய சுவரில் பெயிண்ட் உப்பி நிற்குமே, அப்படி. கறுப்புதான் நீர். அந்த இடத்தில் விழித்திரையின் தடிமன் 430 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மூன்றாவது ஊசிக்குப் பிறகு 270. அந்தப் பள்ளம் திரும்பி வந்திருந்ததைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம் ஆறு வாரம், எட்டு வாரம் என்று இடைவெளியை நீட்டினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். தெருவில் முழங்கால் தண்ணீர், வடிந்த பிறகும் வீட்டைக் கழுவிச் சரிசெய்யவே நாள் போனது. எட்டு வாரத்தில் போக வேண்டியவர்கள் பதினோராவது வாரம் போனோம். "நல்லாத்தான்டா தெரியுது, எதுக்கு ஊசி?" என்றுகொண்டே வந்தார் அம்மா. போர்டிலும் போன தடவை படித்த அதே வரி வரை படித்தார். ஸ்கேனில் மட்டும் பள்ளத்தின் ஓரமாக மெல்லிய கறுப்புக் கீற்று. அன்றைக்கே ஊசி போட்டார்கள். தயவுசெய்து, பார்வை நன்றாக இருக்கிறது என்று தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

*

அண்ணா, நாங்கள் திருவொற்றியூர். அப்பாவுக்கும் இதேதான். அலைச்சல் வேண்டாமென்று ஒருமுறை வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்தோம். தடிமன் 40 மைக்ரான் கூடியிருந்தது. மருந்து கேட்கவில்லையோ என்று இரண்டு ராத்திரி தூக்கமில்லை. டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நீரே இல்லை என்றார். விழித்திரையின் அடி எல்லையை எங்கே வைத்து அளப்பது என்பது மெஷினுக்கு மெஷின் மாறுமாம். அதிலிருந்து ஒரே இடம், ஒரே மெஷின். ஒவ்வொரு தடவையும் பிரிண்ட் வாங்கித் தேதிவாரியாக ஃபைலில் வைக்கிறேன்.

அம்மாவின் வலது கண்ணையும் பார்க்கிறார்களா அண்ணா?

*

பார்க்கிறார்கள் தம்பி. ஒரு கண்ணில் வந்தால் மற்றதிலும் வர வாய்ப்பு அதிகம் என்று ஒவ்வொரு முறையும் இரண்டையும் எடுக்கிறார்கள். வீட்டில் அம்மா தினமும் காலையில் ஒவ்வொரு கண்ணாக மூடி அதே டைல்ஸைப் பார்க்கிறார். இன்றைக்கும் வலது கண்ணில் கோடு நேராகத்தான் இருக்கிறது.