நிற்கும் வண்டி தின்னும் மின்சாரம்: ‘கிடைச்செலவு’ பொருந்துமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். நிறுத்திவைத்த வண்டி பேட்டரியிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும் மின்சாரத்தை ஆங்கிலத்தில் ‘parasitic drain’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் வந்த ஒரு வரி இது:

> ‘ஒட்டுண்ணி மின்னோட்டம்’ என்றே வைத்துவிடலாமே. ஆங்கிலத்திலும் அதே பொருள்தானே?

பினாங்கு நண்பரின் இந்த வரியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒட்டுண்ணி என்றாலே பிடுங்கி எறிய வேண்டியது. ஆனால் சாவியை எடுத்த பிறகும் வண்டியின் கடிகாரமும் திருட்டு எச்சரிக்கைக் கருவியும் கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டுதான் இருக்கும். பொதுவாக 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. காவல் காக்கிற கருவியைப் போய் உண்ணி என்பதா?

இந்தச் சொல்லை நான் தேடத் தொடங்கியதே என் பழைய டீசல் பிக்கப்பால்தான். செந்தூலில் வீட்டு வாசலில் வெள்ளி மாலை நிறுத்தினால் திங்கள் காலை பேட்டரி ‘கோங்’. (பேட்டரி செத்துப்போனால் கோலாலம்பூரில் எந்த இனத்தாரும் சொல்கிற சொல் இது. இதற்குப் போட்டியாகக் கலைச்சொல் ஆக்க எனக்குத் துணிவில்லை.) பட்டறையில் புதுப் பேட்டரி போட்டார்கள். இரண்டு வாரத்தில் அதுவும் கோங். மூன்றாவதை விற்கப் பார்த்தபோதுதான் மின்சாரம் அளக்கும் மீட்டரை நானே கையில் எடுத்தேன்.

இன்ஜின் ஓடும்போது 13.9 வோல்ட். பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன், தவறு. இன்ஜினை நிறுத்தி, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, இடையில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் பொருத்தினேன். கதவுகளைச் சாத்திவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன்; மின்னணுப் பெட்டிகள் உறங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். மீட்டர் அப்படியே இருக்க இன்ஜினை முடுக்கிவிடாதீர்கள், அதன் ஃபியூஸ் போய்விடும். எனக்குப் போயிருக்கிறது.

0.8 ஆம்பியர், அதாவது 800 மில்லிஆம்பியர் காட்டியது. வெள்ளி மாலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை 60 மணி நேரம். 48 ஆம்பியர்-மணி காலி. என்னுடையது 70 ஆம்பியர்-மணிப் பேட்டரி. மிச்சத்தை வைத்துக்கொண்டு டீசல் இன்ஜினைச் சுழற்ற முடியவில்லை.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எண் அசையவில்லை. கடைசியில் ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பியைக் கழற்றிப் பார்த்தபோது 0.03 ஆம்பியருக்கு இறங்கியது. ஆல்டர்னேட்டருக்குள் பிறப்பது மாறுதிசை மின்னோட்டம். அதை நேர்மின்னோட்டமாக்கி ஒரே வழியில் வெளியே விடுபவை டையோடுகள். அவற்றில் ஒன்று சரியாகச் சாத்தாத கதவாகிவிட்டது. பகலில் ஏற்றியதை இரவில் அதுவே திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது.

இனி சொல்லுக்கு வருவோம். யாழ்ப்பாண நண்பர் சொன்ன ‘மின்கசிவு’ என் டையோடுக்குப் பொருந்தும். அணைக்க மறந்த விளக்குக்குப் பொருந்தாது. அதைவிடப் பெரிய தொல்லை, ‘மின்கசிவால் தீ’ என்று செய்தித்தாளில் படித்துப் பழகியவர்கள் வண்டியைவிட்டே ஓடிவிடுவார்கள். ‘மின்திருட்டு’ வீட்டு மின்மீட்டரை ஏமாற்றுபவர்களுக்குப் போய்விட்டது. ‘இழுப்பு’ என்றால் மருத்துவரிடம் அனுப்புவார்கள். நானே முன்வைத்த ‘ஓய்விழப்பு’ தூக்கம் கெட்டதைப் போல ஒலிக்கிறது, திரும்பப் பெறுகிறேன்.

எனவே ‘கிடைச்செலவு’. வண்டி கிடையாய்க் கிடக்கும்போது ஆகிற செலவு. ‘கிடை’ என்றால் கிடைமட்டம்தானே என்று சிலர் கேட்பார்கள். ஆட்டுக்கிடையில் யாரும் ஆடுகளை மட்டப்பலகை வைத்துப் பார்ப்பதில்லை. நல்லது கெட்டது என்ற தீர்ப்பு இந்தச் சொல்லுக்குள் இல்லை என்பதே எனக்கு இதில் பிடித்தது. 30 மில்லிஆம்பியர் அளவான கிடைச்செலவு, 800 மிஞ்சிய கிடைச்செலவு. பழுது விளக்காக இருந்தாலும் டையோடாக இருந்தாலும் பெயரை மாற்ற வேண்டியதில்லை.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அதற்குப் பிறகு கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுவேன்.