பழைய பெட்டியில் புது கார்டு: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

வணக்கம். பழைய மேசைக் கணினியில் இந்தக் காலத்து கார்டைச் (உள்ளே இருக்கும் ஸ்லாட்டில் பொருத்தும் மின்சுற்றுப் பலகை) செருகி ஓட்டியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆளுக்கொரு அனுபவம் எழுதினால் இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்கு உதவியாக இருக்கும். முதலில் என்னுடையது.

என் மாமா 1991-ல் சிங்கப்பூர் வேலையை விட்டுத் திருச்சிக்கு வந்தபோது, அவருடைய அலுவலகம் கழித்துவிட்ட ஐபிஎம் எக்ஸ்டி ஒன்றையும் சாமான்களோடு கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். 5160 மாடல். 8088 சிப், 4.77 மெகாஹெர்ட்ஸ், 640 கேபி நினைவகம், 10 எம்பி ஹார்ட் டிஸ்க். நான் 'பேசிக்' நிரல்மொழி கற்றுக்கொண்டது அதில்தான். அப்புறம் அது பரணில் ஏறி இருபது வருடத்துக்கு மேல் கிடந்தது. போன வருடம் இறக்கித் துடைத்து, பவர் சப்ளையைத் தனியாகச் சோதித்துவிட்டு ஆன் செய்தேன். போர்டு உயிரோடு இருந்தது. டிஸ்க்தான் போய்விட்டது. தட்டு சுற்றுகிறது, திரையில் 1701 என்ற எண் வந்து நின்றுவிடுகிறது.

இன்னொரு பழைய டிஸ்க் வாங்கலாமா என்று யோசித்தேன். அதுவும் இதே வயதுதான். இன்றைக்கு ஓடும், நாளைக்கு நிற்கும். அதனால் எக்ஸ்டி-ஐடிஇ கார்டு (எக்ஸ்டி மாதிரிப் பழைய கணினியில் ஐடிஇ வகை டிஸ்க்கை இணைக்கும் பலகை) ஒன்றை உதிரிப் பாகங்களாக வரவழைத்து நானே சால்டர் செய்தேன். பெரிய சமாசாரம் இல்லை. 74 வரிசை ஐசி சில, ஒரு ஈஈப்ராம் (அழித்து எழுதக்கூடிய நினைவகச் சிப்), 40 பின் கனெக்டர், கொஞ்சம் மின்தேக்கிகள். அதன் முனையில் ஓர் அடாப்டரில் கேமராவுக்குப் போடும் காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டு.

ஐடிஇ டிஸ்க் ஒரு தடவைக்கு 16 பிட், அதாவது இரண்டு பைட் கொடுக்கும். எக்ஸ்டி ஸ்லாட்டில் ஒரு நேரத்தில் ஒரு பைட்தான் போகும். அதற்காக கார்டில் லாட்ச் ஐசி வைத்திருக்கிறார்கள். குறுகலான வாசலில் இரண்டு குடத்தோடு வருகிறவர் ஒன்றை உள்ளே கொடுத்துவிட்டு மற்றதை இடுப்பில் தாங்கிக்கொண்டு நிற்பது மாதிரி, அது ஒரு பைட்டைப் பிடித்து வைத்திருந்து பிராசசர் திரும்பக் கேட்கும்போது கொடுக்கும்.

முதல் தடவை போட்டதும் மெஷின் உறைந்து நின்றது. இரண்டு மாலை முழுக்க சால்டரிங்கில் குறை தேடினேன். குறை அங்கே இல்லை. கார்டை இயக்க ஈஈப்ராமில் எழுதும் நிரலான எக்ஸ்டிஐடிஇ யுனிவர்சல் பயாஸில் ஒவ்வொரு பிராசசருக்கும் தனித்தனிக் கோப்பு உண்டு. நான் எழுதியிருந்தது 'எக்ஸ்டி பிளஸ்' கோப்பு. அது வி20, 80188 மாதிரி சிப்புகளுக்கானது. அதில் வரும் சில கட்டளைகள் அசல் 8088-க்குத் தெரியாது. சாதாரண எக்ஸ்டி கோப்பை எழுதிப் போட்டேன். நினைவகத்தை எண்ணி முடித்ததும் திரையில் புது எழுத்து ஓடியது.

அந்த இடம்தான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது. எக்ஸ்டி-யின் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரல்), தன் சோதனைகளை முடித்ததும் சி8000 முகவரியிலிருந்து 2 கேபிக்கு ஒரு தடவை நின்று நின்று பார்த்துக்கொண்டே போகும். அங்கே 55, ஏஏ என்று இரண்டு பைட் இருந்தால், 'யாரோ இருக்கிறார்கள்' என்று பொருள். உடனே எல்லா பைட்டையும் கூட்டிப் பார்க்கும். கூட்டுத்தொகையின் கடைசி பைட் பூஜ்யமாக வந்தால் கட்டுப்பாட்டை அந்த கார்டிடம் கொடுத்துவிடும். 1983-ல் வந்த மெஷின் இது. பின்னால் என்ன வரும் என்று தெரியாமலேயே ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்றைக்கு என் வீட்டு மேசையில் சால்டர் செய்த கார்டு அந்தக் கதவில் நின்று பதில் சொல்கிறது. (எக்ஸ்டி-க்கு முந்தைய ஐபிஎம் பிசியான 5150 வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: 1982 அக்டோபர் 27 தேதியிட்ட பயாஸ் இருந்தால்தான் அது இப்படித் தேடும். அதற்கு முந்தைய இரண்டு பயாஸும் தேடாது.)

கார்டு தெரிந்த பிறகும் டாஸ் இயங்குதளம் கிளம்பவில்லை. கேமரா கார்டுகளில் முதல் செக்டரில் பூட் நிரல் இருப்பதில்லை. டிஸ்க்கைப் பிரிக்கும் டாஸ் நிரலான எஃப்டிஸ்கை, பூட் நிரலை எழுதும் எம்பிஆர் ஆப்ஷனோடு ஒரு தடவை ஓட்டி, பார்ட்டிஷனை ஆக்டிவ் ஆக்கினேன். திரையில் சி கோலன் (C:) வந்தது. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். காதைப் பெட்டியின் பக்கத்தில் கொண்டுபோய், "டேய், சத்தமே இல்லையே, ஓடுதா?" என்று கேட்டார். டைரக்டரி பட்டியலைப் பார்த்த பிறகுதான் நம்பினார்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. பவர் சப்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசிக் குட்டி ஸ்லாட்டில் இதே கார்டைப் போட்டால் தெரிவதே இல்லை. மற்ற எல்லாவற்றிலும் வேலை செய்கிறது. யாருக்காவது காரணம் தெரியுமா?

*

சிவகாசியிலிருந்து எழுதுகிறேன். அப்பா இங்கே டிடிபி சென்டர் வைத்திருந்தார். 486 டிஎக்ஸ்2, 66 மெகாஹெர்ட்ஸ், 8 எம்பி ராம், விண்டோஸ் 3.1, பேஜ்மேக்கர். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் அதில் அடித்ததுதான். கடையை மூடியபோதும் அந்த மெஷினை மட்டும் கொடுக்க அப்பாவுக்கு மனசு வரவில்லை.

420 எம்பி டிஸ்க் 'டக் டக்' என்று அடிக்கத் தொடங்கியதும் பயந்துவிட்டேன். 4 ஜிபி காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டைப் போட்டால் பயாஸ் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர், செக்டருக்கு 512 பைட்: பெருக்கினால் 504 எம்பி. அந்த பயாஸுக்கு அதுதான் உலகத்தின் எல்லை.

தனியாக எக்ஸ்டி-ஐடிஇ கார்டு போடலாம். ஆனால் 486-இல் ஏற்கெனவே 16 பிட் ஐடிஇ இருக்கும்போது 8 பிட் கார்டு எதற்கு? அதனால் வேறு வழி எடுத்தேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய சாமான் விற்கும் ஒரு கடையில் ரியல்டெக் 8019 சிப் உள்ள ஐஎஸ்ஏ (அந்தக் காலத்து ஸ்லாட் வகை) நெட்வொர்க் கார்டு கிடைத்தது. அதன் ஓரத்தில் காலியாக 28 கால் சாக்கெட் ஒன்று இருக்கும். நெட்வொர்க் வழியாக பூட் செய்ய ரோம் (படிக்க மட்டுமே ஆன நினைவகம்) சிப் போடும் இடம் அது. யுனிவர்சல் பயாஸை ஈஈப்ராமில் எழுதி அங்கே செருகினேன். கார்டின் செட்டப் நிரலில் பூட் ரோமுக்கு முகவரி கொடுத்து, மதர்போர்டு பயாஸில் ஹார்ட் டிஸ்க்கை 'இல்லை' என்று வைத்தேன். 4 ஜிபியும் தெரிந்தது. ஒரே கார்டில் நெட்வொர்க்கும் ஆச்சு, டிஸ்க் எல்லையும் போச்சு. ஒரு குறிப்பு: இந்த சாக்கெட்டுகள் பலவற்றில் எழுதும் கம்பி இணைந்திருக்காது. சிப்பை வெளியே புரோகிராமரில் எழுதித்தான் கொண்டுவர வேண்டும்.

பழைய டிஸ்க்கும் ஃபிளாஷ் கார்டும் ஒரே கேபிளில் ஒத்துப்போகவில்லை. அதனால் டிஸ்க்கை மட்டும் போட்டு, டாஸுக்கான நெட்வொர்க் நிரல் தொகுப்பான எம்டிசிபி-யின் எஃப்டிபி (கோப்பு அனுப்பும்) சர்வரை ஓட்டி, லேப்டாப்புக்கு இழுத்தேன். ஃபோல்டர் ஃபோல்டராக எடுத்தேன், நடுவே டிஸ்க்கை ஆறவிட்டு ஆறவிட்டு. எழுத்துருக் கோப்புகளையும் மறக்காமல் எடுங்கள். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் ஒவ்வொன்றுக்கும் குறியீடு வேறு. அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் லத்தீன் எழுத்தும் குறியுமாகத்தான் தெரியும்.

வந்த கோப்புகளில் அத்தையின் கல்யாணப் பத்திரிகை இருந்தது. தாத்தா பெயருக்கு முன்னால் 'திரு' இருக்கிறது. அச்சான பத்திரிகையில் 'தெய்வத்திரு'. அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் புரூஃபைத் தாத்தாதான் திருத்திக் கொடுத்தாராம்.

*

மேலே எழுதிய இருவருக்கும் ஒரு எச்சரிக்கை. எக்ஸ்டி-ஐடிஇ கார்டு வழக்கமாக 300 ஹெக்ஸ் முகவரியில் உட்காரும். ரியல்டெக் 8019 போன்ற என்இ2000 வகை நெட்வொர்க் கார்டுகளும் பெரும்பாலும் அதே 300-இல்தான் வரும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு, டிஸ்க்கில் பாதிக் கோப்புகளை இழந்தவன் நான். நெட்வொர்க்கை 340-க்கு நகர்த்துங்கள். நகர்த்திய பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் முகவரி, ஐஆர்க்யூ (பிராசசரைக் கூப்பிட கார்டு பயன்படுத்தும் கம்பியின் எண்) எல்லாம் எழுதி பெட்டியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

*

என்னிடம் இருப்பது பென்டியம் 133. விண்டோஸ் 98 எஸ்இ. பென் டிரைவ் போட வேண்டும் என்று பிசிஐ (ஐஎஸ்ஏ-வுக்குப் பின் வந்த ஸ்லாட் வகை) யுஎஸ்பி 2.0 கார்டு வாங்கினேன். ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்தது, ஆனால் மெஷினுக்குத் தெரியவே இல்லை. இன்னொரு கணினியில் நன்றாக ஓடியது. கார்டு கெட்டுப்போகவில்லை, ஸ்லாட்டும் சரி, அப்புறம் என்ன?

மல்ட்டிமீட்டரை எடுத்து ஸ்லாட்டின் ஒவ்வொரு மின் பின்னாகத் தொட்டுப் பார்த்தேன். 5 வோல்ட் இருக்கிறது, 12 இருக்கிறது. 3.3 வர வேண்டிய இடத்தில் பூஜ்யம். என் போர்டு பழைய ஏடி பவர் சப்ளையில் ஓடுவது. அந்த சப்ளையில் 3.3 வோல்ட் கம்பியே கிடையாது. போர்டும் ஸ்லாட்டுக்கு அதை உண்டாக்கிக் கொடுக்கவில்லை. கார்டின் விளிம்பில் இரண்டு வெட்டு இருந்தால் 5, 3.3 இரண்டு சிக்னலுக்கும் பொருந்தும் என்பது உண்மை. ஆனால் கார்டு தனக்கு வேண்டிய மின்சாரத்தை எங்கிருந்து எடுக்கிறது என்பதை அந்த வெட்டு சொல்லாது. நிறைய கார்டுகள் ஸ்லாட்டின் 3.3-ஐயே நம்பியிருக்கின்றன.

பிறகு தேடிப்பிடித்து, தன் மேலேயே மூன்று கால் ரெகுலேட்டர் வைத்திருக்கும் கார்டாக வாங்கினேன். 5 வோல்ட்டிலிருந்து அதுவே 3.3 செய்துகொள்கிறது. போட்ட உடனே 'புதிய வன்பொருள்' சன்னல் வந்தது. கார்டு வாங்கும்போது படத்தைப் பெரிதாக்கி அந்தக் கறுப்பு ரெகுலேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

*

என்னுடையது சத்தக் கதை. 386 டிஎக்ஸ் 40. சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில்தான் கணினி, அதிலும் ஸ்பீக்கரின் 'பீப்' மட்டும்தான். 1992-ல் கனடாவிலிருந்து கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற சவுண்ட் கார்டு வந்தது, 32 குரல்களைத் தன்னிலேயே கலந்து தரும் என்று பத்திரிகையில் படித்ததோடு சரி. இப்போது அசல் கார்டு என் கைக்கு எட்டாத விலை.

பிக்கோகஸ் போட்டேன். ஐஎஸ்ஏ கார்டு ஒன்றின் மேல் ராஸ்பெர்ரி பை பிக்கோவில் வரும் ஆர்பி2040 சிப். அந்தச் சிப் 2021-ல் வந்தது. பிக்கோ போர்டின் விலை அப்போது 4 டாலர். அது அல்ட்ராசவுண்ட் மாதிரியும் நடிக்கும், ஆட்லிப் என்ற இன்னொரு பழைய சவுண்ட் கார்டு மாதிரியும் நடிக்கும்; எது வேண்டும் என்பதை டாஸில் ஒரு சின்ன நிரல் ஓட்டி மாற்றிக்கொள்ளலாம். கார்டில் இருக்கும் சிப் மதர்போர்டில் இருக்கும் பிராசசரை விட எத்தனையோ மடங்கு வேகம். இருந்தும் அது 386 கேட்கும்போது கேட்டதை மட்டும், கேட்ட நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்த வேலையை இவ்வளவு பொறுமையாகச் செய்யும்படி நிரல் எழுதி, வடிவமைப்பையும் எல்லோருக்கும் திறந்து கொடுத்தவர்களை நினைத்தால் நன்றியாக இருக்கிறது.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முதல் பாட்டைப் போட்டபோது இடது காதில் தாளமும் வலது காதில் மெட்டும் தனித்தனியாகக் கேட்டன. இரவு பன்னிரண்டு மணி. மனைவியை எழுப்பிக் கேட்க வைத்தேன்.

*

முதல் பதிவிட்டவருக்கு: நீங்கள் சொல்வது 8-ஆம் ஸ்லாட். 5160-இல் அது மட்டும் மற்ற ஏழைப் போல இல்லை. அங்கே உட்காரும் கார்டு, 'இந்தக் கேள்வி எனக்குத்தான்' என்று பி8 பின்னில் ஒரு சிக்னல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அதன் பதில் போர்டுக்குப் போய்ச் சேராது. புது எக்ஸ்டி-ஐடிஇ கார்டுகள் சிலவற்றில் இதற்கென்றே ஜம்பர் (இரண்டு ஊசிகளை இணைக்கும் குட்டி மூடி) வைத்திருக்கிறார்கள். உங்கள் கார்டில் 'ஸ்லாட் 8' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் 7-இல் போட்டுவிடுங்கள், அதுவும் குட்டி ஸ்லாட்தான்.

எல்லோருக்கும் இன்னும் இரண்டு விஷயம். 286, 386, 486 போர்டுகளில் நீல நிறத்தில் பீப்பாய் மாதிரி ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரி இருந்தால், புது கார்டு வாங்குவதற்கு முன்னால் அதை வெட்டி எடுங்கள். அது கசிந்தால் போர்டின் செப்புப் பாதைகளையே தின்றுவிடும், பக்கத்து ஸ்லாட்டின் ஊசிகளும் பச்சை பூத்துப்போகும். எக்ஸ்டி காலத்துப் போர்டுகளில் டான்டலம் மின்தேக்கிகள் பல வருடம் கழித்து முதல் தடவை ஆன் செய்யும்போது வெடிக்கலாம், முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

கழற்றிய அசல் கார்டையும் டிஸ்க்கையும் தூக்கிப் போடாதீர்கள். எந்த மெஷினில் எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று எழுதி, நிலைமின் தடுப்புப் பையில் போட்டு அதே பெட்டியோடு வையுங்கள். புது கார்டு பொருத்துவதற்காகப் பெட்டியை அறுக்கவோ துளை போடவோ கூடாது என்பது என் பிடிவாதம்.

*

முதல் பதிவிட்டவன். பார்த்தேன், கார்டின் மூலையில் பொடி எழுத்தில் 'ஸ்லாட் 8' என்று இருந்தது. ஜம்பரைப் போட்டேன், வேலை செய்கிறது. மிக்க நன்றி. 10 எம்பி டிஸ்க்கைப் பையில் போட்டு மாமாவின் கையாலேயே தேதி எழுத வைத்திருக்கிறேன். 7-ஆம் ஸ்லாட் இப்போது காலி. அங்கே 340-இல் ஒரு நெட்வொர்க் கார்டு போடப் போகிறேன். 8 பிட் ஸ்லாட்டிலும் ஓடும் கார்டு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.