இரவு மழையில் எச்சரிக்கை ஒலியை எழுப்பும் பொறுப்பு கருவியிடமா, மனிதரிடமா?

ஊவா அலைவரிசை (ஹப்புத்தளை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவில் வானொலி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்ற பின், பிறந்த தோட்டத்துக்கே திரும்பி வந்து, மின்னணுச் சுற்றுகளையும் சிறு வானொலிக் கருவிகளையும் செய்து பார்ப்பதில் ஈடுபட்டிருக்கிறேன். எங்கள் லயங்களுக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) மேலேயுள்ள தேயிலை மலையில் நான் நிறுவிய மழைமானி ஒன்றைப் பற்றி உங்கள் ஆலோசனையைக் கேட்கவே இதை எழுதுகிறேன்.

கருவியின் அமைப்பு எளியது. 200 மில்லிமீற்றர் விட்டமுள்ள புனலின் கீழே, இருபுறமும் மாறி மாறிச் சாயும் இரட்டைக் கிண்ணம் இருக்கிறது. 0.2 மில்லிமீற்றர் மழைக்கு ஒரு முறை அது சாயும்போது, அதிலுள்ள காந்தம் ஒரு ரீட் சுவிட்சை (காந்தம் நெருங்கினால் மூடும் சிறு சுவிட்சை) மூடித் திறக்கிறது. அந்த எண்ணிக்கையை லோரா எனப்படும், குறைந்த மின்வலுவில் தொலைவுக்குச் செய்தி அனுப்பும் வானொலித் தொகுதி, கீழே என் வீட்டிலுள்ள வாங்கிக்கு (செய்தியைப் பெறும் கருவிக்கு) அனுப்புகிறது. கைத்தொலைபேசி வலையமைப்பைச் சார்ந்திராத ஏற்பாடு என்பதால்தான் இந்த வழியைத் தெரிந்தெடுத்தேன். எங்கள் பள்ளத்தாக்கில் மின்சாரம் போய்ச் சில மணி நேரத்தில் கோபுரமும் அடங்கிவிடும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வகுத்திருக்கும் எல்லைகளை உங்களில் பலர் அறிவீர்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் தயார்நிலை, 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ வெளியேற்றம். இந்த எல்லைகளை வாங்கியில் பதித்துவிட்டேன். சைரன் ஒன்றும் கைவசம் இருக்கிறது. அதை வாங்கியுடன் நேரடியாக இணைத்து, எல்லை தாண்டியதும் தானாகவே ஒலிக்கும்படி செய்யலாமா, அல்லது ஒரு மனிதரை எழுப்பி அவர் முடிவு செய்தபின் ஒலிக்கும்படி செய்ய வேண்டுமா என்பதே என் கேள்வி.

பணியில் இருந்த காலத்தில் எனக்குப் பயிற்றுவிக்கப்பட்டது, ஒரு செய்தியை அனுப்பிவிட்டதால் கடமை முடிந்துவிடாது, மறுமுனையில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திய பின்னரே அது சேர்ந்ததாகக் கொள்ள வேண்டும் என்பதாகும். சைரன் திருப்பிச் சொல்லாது. அது ஒலித்ததா, யார் கேட்டார்கள், கேட்டவர்கள் புறப்பட்டார்களா என்பது எதுவும் எனக்குத் தெரிய வராது. மறுபக்கம், நள்ளிரவில் எழுப்பப்படும் மனிதர் தயங்கினால் இழக்கப்படும் நிமிடங்கள் திரும்பக் கிடைக்கமாட்டா. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது எங்கள் ஊரிலிருந்து அதிக தூரத்தில் அல்ல. அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டும் இருந்தது. ஆகவே இந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றியே என் சிந்தனை இருக்கிறது.

---

மலைப்பௌதிகம் (ஹட்டன்) எழுதியது:

ஐயா, நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். சைரனைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்தக் கிண்ணம் சொல்லும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்பது அவசியம்.

உங்கள் புனலின் பரப்பு ஏறத்தாழ 314 சதுர சென்ரிமீற்றர். ஆகவே 314 மில்லிலீற்றர் நீர் சரியாக 10 மில்லிமீற்றர் மழைக்குச் சமம். அது 50 சாய்வுகளைத் தர வேண்டும். அடியில் ஊசித் துளையிட்ட ஒரு போத்தலிலிருந்து இந்த நீரை அரை மணி நேரத்தில் சொட்டவிட்டு எண்ணிப் பாருங்கள். பின்னர் துளையைப் பெரிதாக்கி, அதே நீரை எட்டு நிமிடத்தில் சொட்டவிடுங்கள். இது மணிக்கு 75 மில்லிமீற்றர் என்ற வெளியேற்ற எல்லையின் வேகம். இந்த வேகத்தில் கிண்ணம் பத்து விநாடிக்குள் ஒரு முறை சாய்கிறது, சாய்கின்ற அந்தக் கணத்தில் விழும் நீர் கணக்கில் சேராமல் போகிறது. எனவே இவ்வகை மழைமானிகள் பொதுவாகக் கடும் மழையை உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். எந்த நேரத்தில் மிகச் சரியாக இருக்க வேண்டுமோ அந்த நேரத்திலேயே குறைத்துச் சொல்கிற கருவி இது என்பதை மனத்தில் வைத்து, இரண்டு வேகங்களிலும் கிடைக்கும் வித்தியாசத்தைக் கொண்டு திருத்தக் காரணி ஒன்றை மென்பொருளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, 24 மணி நேரம் என்பதை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்? தோட்டத்து மழைக் குறிப்பேட்டில் காலையில் அளந்து அன்றைய தினத்துக்கு எழுதுவது வழக்கம். உங்கள் நிரலும் அதைப் போலக் காலையில் பூச்சியத்துக்குத் திரும்பினால், மாலையில் தொடங்கி மறுநாள் முற்பகல் வரை நீடிக்கும் மழை இரண்டு நாட்களுக்குப் பங்கிடப்பட்டு, எந்த எல்லையையும் தாண்டாததாகத் தோன்றும். ஒவ்வொரு நிமிடத்திலும் அதற்கு முந்திய 24 மணி நேரத்தைத் திரும்பிப் பார்த்துக் கூட்டும் நகரும் கூட்டுத்தொகையே வேண்டும்.

புனலில் சவுக்கு இலையோ சிலந்தி வலையோ அடைத்துக்கொண்டால் உங்கள் கருவி மழையே இல்லை என்று சொல்லும் என்பதையும் கவனியுங்கள். ஆகவே பக்கத்தில் நேர்ச் சுவருள்ள பாத்திரம் ஒன்றை அளவுகோலுடன் வையுங்கள். அதில் மில்லிமீற்றருக்கு அருகே அங்குலத்தையும் குறித்தால் நல்லது. மூன்று அங்குலம், நான்கு அங்குலம், ஆறு அங்குலம் என்று சொன்னால், தோட்ட வேலையை மேற்பார்த்த பழைய கணக்கப்பிள்ளைமாருக்கும் கங்காணிமாருக்கும் உடனே விளங்கும். மேலே நீங்கள் சொன்ன மூன்று எல்லைகளும் ஏறத்தாழ அவைதாம்.

---

நாலுஎஸ் ஏழு ஆர்வலர் (கண்டி) எழுதியது:

சேர் சொன்ன கடைசி விடயத்திலிருந்தே நானும் தொடங்குகிறேன். அடைபட்ட புனல், தீர்ந்துபோன பற்றரி, சாய்ந்துவிட்ட கம்பம், இடியில் கருகிய சுற்று ஆகிய அனைத்துமே வாங்கியில் ஒரே விதமாகத்தான் தெரியும்: செய்தி வராது, அல்லது மழை பூச்சியம் என்று வரும். மண் நகரத் தொடங்கி மழைமானியையே கொண்டுபோனாலும் அப்படித்தான் தெரியும். ஆகவே மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை தன் பற்றரி மின்னழுத்தத்தோடு ஒரு சிறு செய்தியைக் கருவி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு செய்திகள் வரவில்லையென்றால், அதையே ஓர் எச்சரிக்கையாக வாங்கி எடுத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் பணியாற்றிய பிரிவில் குறித்த நேரத்துக்குக் குரல் தராத காவலரணை யாரும் நலமாக இருப்பதாகக் கருதியிருக்கமாட்டார்கள். அதே வழக்கத்தை இந்தக் கருவிக்கும் கொண்டுவாருங்கள்.

மின்வழங்கலில் ஹப்புத்தளையின் பனிமூட்டத்தைக் கணக்கில் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நாட்கணக்காக வெயில் தெரியாமல் இருக்கும். மழைமானி உயிரோடு இருக்க வேண்டியதும் அதே நாட்களில்தான். சூரியத் தகடு முழு வெயிலில் தரும் அளவை நம்பாமல், ஒரு வாரம் வெயிலே இல்லாவிட்டாலும் தாங்கும் பற்றரியை முதலில் முடிவு செய்து, தகட்டைப் பின்னர் தெரிவு செய்யுங்கள். இரண்டாம் இடைப்பருவ மழையில் பிற்பகல் இடி கடுமையாக இருப்பதால், மழைமானியிலிருந்து நீண்ட கம்பி எதையும் இழுக்காமல் சுற்றையும் வானொலியையும் ஒரே பெட்டிக்குள் வைப்பதே பாதுகாப்பு. எந்த அலைவரிசையில், எவ்வளவு வலுவில் லோரா பயன்படுத்தலாம் என்பதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். உயிர் காக்கும் நோக்கத்துக்கான கருவி சட்டப்படியும் உறுதியாக நிற்க வேண்டும்.

தோட்டத்துக்குள் செய்தி சேர்ந்தபின், வெளியே சொல்வது எப்படி என்பதும் ஒரு கேள்வி. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை அழைக்கத் தொலைபேசி வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது, மின்சாரமும் தொலைபேசியும் வீதியும் ஒன்றாக அறுந்துபோன இடங்கள் மலையகத்தில் பல. 2004 சுனாமியின் பின்னர் தெற்குக் கரையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கொண்டுவந்தவர்களுள் அமெச்சூர் வானொலியாளர்களும் (உரிமம் பெற்று, ஆர்வத்துக்காக வானொலி இயக்குபவர்களும்) இருந்தார்கள். அண்ணன் உரிமப் பரீட்சைக்குத் தோற்றினால், 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறியுடன் அந்த வழியும் திறக்கும். மலைமுகடு மறைக்கிற இடத்தில் மீயுயர் அலைவரிசைக் கைக்கருவி உதவாது. 7 மெகாஹேர்ட்ஸ் அளவில், ஏறத்தாழ 20 மீற்றர் நீளமான இருமுனை அன்ரெனாக் கம்பியை நிலத்திலிருந்து மூன்று நான்கு மீற்றர் உயரத்திலேயே கட்டினால், அலை நேர் மேலே சென்று, வானொலி அலையைத் திருப்பும் மேல்வளி அடுக்கான அயனமண்டலத்தில் பட்டு, எந்த முகடும் தடுக்காமல் சுற்றியுள்ள மாவட்டங்களில் இறங்கும். பின்னிரவில் அது பலவீனமடையலாம் என்பதால் 3.5 மெகாஹேர்ட்ஸுக்கு இரட்டிப்பு நீளக் கம்பியும் தேவை. இது போர்க்களத் தொடர்பில் வளர்ந்த முறை. அண்ணனுக்குப் புதிதாக இருக்காது.

---

பசறைச் செல்வி (பதுளை மாவட்டம்) எழுதியது:

நான் ஒரு தோட்டத்தில் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். அண்ணனின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன்: கடைசி எல்லையில் கருவியே ஒலிக்க வேண்டும், அதற்கு முந்தைய இரண்டிலும் மனிதர்கள் வேண்டும்.

75 மில்லிமீற்றருக்கே சைரன் ஒலித்தால், ஒரு மழைக்காலத்தில் பல முறை ஒலிக்கும், ஒன்றும் நடக்காது. அப்போது சனங்கள் சைரன் கேட்டும் படுத்திருக்கப் பழகிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கைக்குழந்தையையும் நடக்க முடியாத மாமியாரையும் தூக்கிக்கொண்டு இருட்டில், வழுக்குகிற படியில் இறங்கி, பாடசாலை மண்டபத்தில் ஈர உடையோடு இரவைக் கழித்தவர், விடிந்ததும் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் பதியும் காலைக் கூட்டத்துக்கு) போகாவிட்டால் அன்றைய பெயர் விழாது. ஒரு வீண் எச்சரிக்கைக்கு அந்தக் குடும்பம் ஒரு நாள் சம்பளத்தைக் கொடுக்கிறது. ஆகவே வெளியேறிய மறுநாளுக்கு என்ன ஏற்பாடு என்று தோட்ட நிர்வாகத்திடமும் தொழிற்சங்கத்திடமும் மழைக்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். சைரனைவிட அதுதான் சனங்களை வெளியே வரச் செய்யும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒவ்வொரு லயத்திலும் இருவரைத் தெரிவு செய்யுங்கள், ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். எந்தக் காம்பராவில் (லயத்து அறையில்) கர்ப்பிணி இருக்கிறாள், எதில் காது கேட்காத தாத்தா இருக்கிறார் என்று அவளுக்குத்தான் தெரியும். முதல் எல்லையில் அவர்களை மட்டும் எழுப்புங்கள். இரண்டாவது எல்லையில் முதியவர்களையும் பிள்ளைகளையும் கொண்டவர்கள் முன்னரே இறங்கட்டும். மூன்றாவது எல்லையில் சைரனோடு தப்பு மேளமும் அடியுங்கள், கோயில் மணியையும் விடாமல் ஒலியுங்கள். ஒரு காலத்தில் பிரட்டுக்கு எழுப்பிய தப்பொலி எங்கள் பெரியவர்களுக்கு இன்னும் பழக்கமானது; மின்சாரமும் வேண்டாம்.

போய்ச் சேரும் இடத்தையும் கேளுங்கள். அந்த மண்டபமே சரிவின் பாதையில் இருந்தால் என்ன பயன்? பதுளையிலுள்ள கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதி, இடத்தையும் பாதையையும் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். நிலத்தில் புது வெடிப்பு, நேற்றுவரை நன்றாகச் சாத்திய கதவு இன்று இறுகுவது, தெளிந்த பீலித் தண்ணீர் (மலை ஊற்றுக் குழாய்த் தண்ணீர்) திடீரெனக் கலங்குவது அல்லது நின்றுபோவது, மரமும் கம்பமும் சாய்வது ஆகியவற்றில் எதைக் கண்டாலும், மழைமானி என்ன சொன்னாலும் புறப்பட வேண்டும். மழை நின்ற பிறகும் மண்ணுக்குள் நீர் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். இவற்றை முதலில் காண்பது பீலிக்குப் போகும் பெண்களும் கொழுந்து பறிக்க மேலே ஏறும் பெண்களும்தான். அவர்கள் சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள உங்கள் ஏற்பாட்டில் ஓர் இடம் இருக்கட்டும்.

---

ஊவா அலைவரிசை (ஹப்புத்தளை) எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. தங்கச்சி சொன்ன ஒழுங்கையே ஏற்றுக்கொள்கிறேன். முதல் இரண்டு எல்லைகளிலும் லயப் பொறுப்பாளர்களின் வீட்டில் சிறு ஒலிப்பான்கள் ஒலிக்கும். ஒவ்வொரு ஒலிப்பானிலும் பொத்தான் ஒன்று இருக்கும். அவர் எழுந்து அதை அழுத்தும்வரை அந்த வீட்டின் விளக்கு என் பலகையில் சிவப்பாகவே எரியும். ஐந்து நிமிடத்தில் அழுத்தாவிட்டால் அடுத்த வீட்டாரின் ஒலிப்பான் ஒலிக்கும், நானும் நேரில் போவேன். நான் தேடிய உறுதிப்படுத்தல் இதில் கிடைக்கிறது. மூன்றாவது எல்லையில் யாரிடமும் கேட்காமல் சைரன் ஒலிக்கும்.

செய்தி நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்கும் விதி எழுதிவிட்டேன். வறண்ட நாளில் நின்றால் காலையில் ஏறிப் பார்ப்போம். மழை பெய்துகொண்டிருக்கும்போது நின்றால், அப்போதிருந்த நிலைக்கு அடுத்த நிலையை எட்டியதாகக் கொள்ள வேண்டும். தயார்நிலையில் இருக்கும்போது நின்றால் வெளியேற்றம்தான். அந்த நேரத்தில் இருட்டில் மலையேறிக் கருவியைப் பார்க்க எவரும் போகக் கூடாது, நானும் போகக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பெண்கள் கண்டு சொல்லும் அடையாளங்களுக்காக எங்கள் தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் நேரத்தோடு எழுதும் குறிப்பேடு ஒன்றை வைக்கக் கேட்டிருக்கிறேன். வெடிப்பு ஒன்று அதில் பதிவானால், கையால் அழுத்தி முதல் இரண்டு நிலைகளையும் தாண்டி நேரே சைரனை இயக்கும் பொத்தான் ஒன்று அங்கேயும் இருக்கும்.

சேரிடம் ஒரு கேள்வி மிஞ்சியிருக்கிறது. எட்டு நிமிடச் சோதனையில் கிடைக்கும் திருத்தக் காரணியை எல்லா வேகத்துக்கும் ஒரே அளவாகப் பயன்படுத்தலாமா, அல்லது சாய்வுகளுக்கு இடைப்பட்ட நேரத்தைப் பார்த்து வேகத்துக்கேற்ப மாற்ற வேண்டுமா? இரண்டாவதே சரியென்று எனக்குத் தோன்றுகிறது. மாணவர்களுடன் செய்து பார்த்த அளவீடு ஏதும் உங்களிடம் இருந்தால் இங்கே பதியுங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அதை நிரலில் சேர்த்துவிட விரும்புகிறேன்.